மைனஸ் இரண்டில் மழை எப்படிப் பெய்கிறது?

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கும் மதுரைப் பையன் ஒரு ஜனவரி காலையில் மேலே வந்து கேட்டான்: “அக்கா, போன்ல மைனஸ் ரெண்டுன்னு காட்டுது. ஆனா வெளிய மழை பெய்யுதே, இது எப்படி?”

கனடாவில் அவனுக்கு அது முதல் குளிர்காலம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்துவிடும் என்று பள்ளியில் படித்தவன். டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தண்ணீராகவே விழுந்துகொண்டிருந்தது. “வாசல் படியில் கால் வைக்காதே, முதலில் ஐஸ் உருக உப்பு போட்டுவிட்டு வருகிறேன்” என்று அவனை நிறுத்தினேன். அப்புறம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. மார்கழிப் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் ஈரமும் விடிகாலை மூட்டமும். இமயமலைப் பனி என்றால் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது. ஊட்டியில் டிசம்பர் ஜனவரியில் புல்வெளி வெளுத்துப் போவதும் பனிதான். இவை உருவாகும் விதம் வேறு வேறு. அதனால் இந்தக் கட்டுரையில், வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கும் ஸ்னோவை வெண்பனி என்றும், கல்லுப்பு சிதறுவதுபோல் சத்தம் போட்டு விழும் ஐஸ் பெலெட்டை ஐஸ் மணி என்றும், தண்ணீராக விழுந்து பட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகும் ஃப்ரீசிங் ரெயினை உறைமழை என்றும் சொல்கிறேன்.

பையனின் கேள்விக்கான சாவி நம் அடுக்களையில் இருக்கிறது. பால் தயிராக வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோர் விடுகிறோம். உறைமோர் என்பார்கள், பிரைமோர் என்பார்கள். அது இல்லாமல் பாலை அப்படியே மூடி வைத்தால் காலையில் ஒழுங்கான தயிர் இருக்காது. தண்ணீர் ஐஸ் ஆவதற்கும் நாம் ‘உறைதல்’ என்ற அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். தயிரில் வேலை செய்வது நுண்ணுயிர், ஐஸில் நடப்பது மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொள்வது, இரண்டும் ஒன்றில்லை. ஆனால் தொடங்கிவைக்க ஒரு ‘உறை’ வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

பூஜ்யம் டிகிரிக்கு மேல் போனால் ஐஸ் உருகியே ஆக வேண்டும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் தண்ணீர் உறைந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐஸில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்து நிற்கின்றன. முதல் சில மூலக்கூறுகள் அப்படி நின்றுவிட்டால் மற்றவை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த முதல் வரிசை அமைய ஒரு பிடிமானம் தேவை. மேகத்தில் அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பது பெரும்பாலும் காற்றில் மிதக்கும் களிமண் தூசி. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவும் இதில் கெட்டிக்காரன். செயற்கைப் பனி தயாரிக்கும் ஸ்கீ மைதானங்களில் அதன் புரதத்தைப் பயன்படுத்துகிறார்கள். இப்படி ஒரு பிடிமானமும் கிடைக்காத மிகச் சிறிய துளி, கிட்டத்தட்ட மைனஸ் 38 டிகிரி வரை தண்ணீராகவே தாக்குப்பிடிக்கும். மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் மேகங்களில் பெரும்பாலான துளிகள் இன்னும் உறையாத தண்ணீர்தான். இதை மீக்குளிர் நீர் என்பார்கள்.

அந்தத் துளிகளுக்கு நடுவில் ஏதோ ஒன்று தூசியைப் பிடித்து ஐஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. தண்ணீரிலிருந்து மூலக்கூறுகள் எளிதாக ஆவியாகிக் கிளம்பிவிடும். ஐஸ் தன் மூலக்கூறுகளை இன்னும் இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும். அதனால் காற்றில் இருக்கும் ஈரம் துளிகளுக்குச் சரியாகப் போதும் என்ற நிலையிலேயே, ஐஸுக்கு அது அளவுக்கு மிஞ்சிய விருந்து. மைனஸ் 15 டிகிரியில் இந்த வித்தியாசம் சுமார் 15 சதவீதம். ஐஸ் படிகம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க, அதை ஈடுகட்டத் துளிகள் ஆவியாக, அந்த ஆவியும் படிகத்தில் போய் ஒட்டுகிறது. சுற்றியிருக்கும் துளிகள் வற்ற வற்றப் படிகம் வளர்கிறது. ஆல்ஃபிரட் வேகனர் 1911-இல் இதன் அடிப்படையைச் சொன்னார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வேகனர்தான். பின்னால் ஸ்வீடனின் தோர் பெர்கெரோன் இதை மழை உருவாவதற்கான விளக்கமாக வளர்த்தெடுத்தார்.

இது குளிர் நாட்டுக் கதை மட்டும் இல்லை. சென்னைக்கு மேலே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். இடிமேகம் அதையும் தாண்டி வெகு உயரம் வளரும். ஆக, இடி மின்னலோடு கொட்டும் மழையில் ஒரு பெரும் பங்கு, மேலே ஐஸாகப் பிறந்து இறங்கும் வழியில் உருகியது. இதைச் சொன்னபோது மதுரைப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படிகம் எந்த வடிவத்தில் வளரும் என்பதை முக்கியமாக வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. ஈரத்தின் அளவுக்கும் அதில் பங்கு உண்டு. மைனஸ் 2 வாக்கில் தட்டையான அறுகோணத் தட்டு. மைனஸ் 5 வாக்கில் மெல்லிய ஊசி. மைனஸ் 15 வாக்கில், ஈரமும் தாராளமாக இருந்தால், ஆறு கைகளும் கிளை விட்ட நட்சத்திரம். வாழ்த்து அட்டைகளில் அச்சிடுவது இந்தக் கடைசி வகையை மட்டும்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற சிற்றூரில் விவசாயியாக வாழ்ந்த வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரி 15 அன்று மைக்ராஸ்கோப்போடு கேமராவைப் பொருத்தி தன் முதல் வெண்பனிப் படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாள் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் உகிசிரோ நகாயா இன்னும் ஒரு படி போய், 1936-இல் குளிர் அறைக்குள் ஒரு முயல் ரோமத்தின் நுனியில் வெண்பனிப் படிகத்தை வளர்த்தே காட்டினார். நூலில் வளர்த்தால் நூல் முழுக்க ஐஸ் பிடித்துக்கொண்டது. முயல் ரோமத்தில்தான் ஒற்றைப் படிகம் கிடைத்தது. எந்த வெப்பத்தில் எந்த வடிவம் வரும் என்று அவர் போட்ட வரைபடத்தைத்தான் இன்றும் வைத்திருக்கிறார்கள். கையில் விழுந்த படிகத்தைப் பார்த்து மேகத்துக்குள் என்ன குளிர் என்று சொல்லிவிடலாம்.

சரி, படிகம் பிறந்தாயிற்று. இனி அது கீழே வர வேண்டும். வெண்பனியா, ஐஸ் மணியா, உறைமழையா, வெறும் மழையா என்பது இறங்கும் வழியில் முடிவாகிறது.

ஒரு மூன்று மாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் மேகம், அங்கே கடும் குளிர். தரைத்தளத்தில் நாம். மூன்று தளங்களிலும் பூஜ்யத்துக்குக் கீழேதான் என்றால் படிகத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வழியில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து வெண்பனியாக வந்து சேரும்.

தரைத்தளம் மட்டும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் வெண்பனி வரலாம். பிளஸ் 2 டிகிரியில் ஸ்னோ கொட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வதை நினைத்துப் பாருங்கள். பானையின் மேல்புறம் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்றில் இறங்கும் வெண்பனியும் தன் மேற்பரப்பிலிருந்து ஆவியாகித் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. உருகும்போதும் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. முதலில் மழையாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் ஸ்னோவாக மாறிவிடும் நாட்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: விழுந்ததெல்லாம் சேர்ந்து காற்றையே பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டன.

சிக்கல் நடுமாடியில்தான். நடுவில் மட்டும் பூஜ்யத்துக்கு மேல் போகிற ஒரு சூடான அடுக்கு எப்படி வரும்? தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரமான, வெதுவெதுப்பான காற்று வடக்கே வருகிறது. இங்கே தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று ஏற்கெனவே படுத்திருக்கிறது. குளிர்காற்று கனமானது, எளிதில் நகராது. சூடான காற்று லேசானது, அதன் முதுகில் ஏறி மேலே சரிகிறது. இப்போது மேலே குளிர், நடுவே சூடு, கீழே குளிர் என்று மூன்று அடுக்கு.

நடுமாடியின் சூடு குறைவாக, சுமார் 1 முதல் 3 டிகிரிக்குள் இருந்தால் படிகம் பாதிதான் உருகும். வெளியே தண்ணீர், உள்ளே ஒரு துளி ஐஸ். அதே நிலையில் தரைத்தளக் குளிருக்குள் நுழைகிறது. உள்ளே மிச்சம் இருக்கும் அந்த ஐஸ்தான் உறைமோர்! தண்ணீர் உடனே அதைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடுகிறது. ஐஸ் மணி பிறந்தது இப்படித்தான். கோட்டுக் கையில் பட்டுத் தெறிக்கும், ஒட்டாது. ஊறிய ஜவ்வரிசிபோல் ஒளி ஊடுருவும், ஆனால் கல் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இதை ஸ்லீட் என்கிறார்கள். பிரிட்டனில் ஸ்லீட் என்றால் மழையும் ஸ்னோவும் கலந்து விழுவது. லண்டன் உறவினரோடு பேசும்போது இந்தக் குழப்பம் வரும்.

நடுமாடியின் சூடு 3 டிகிரிக்கு மேல் போய், அடுக்கும் தடிமனாக இருந்தால், படிகம் முழுக்க உருகிவிடும். ஒரு பொட்டு ஐஸ்கூட மிச்சம் இல்லை. உறைமோரைக் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி. இப்போது அந்தத் துளி தரைத்தளக் குளிருக்குள் வந்தாலும், சில நூறு மீட்டரைக் கடக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் உறைவதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்துபோய், இன்னும் தண்ணீராக, கீழே வருகிறது. மரக்கிளை, மின்கம்பி, வாசல் படி, கார் கண்ணாடி என்று எதன்மேல் பட்டாலும், பட்ட இடமே உறையாகிவிடுகிறது. துளி பரவி, பரவிய கையோடு இறுகுகிறது. பையன் ஜன்னலில் பார்த்தது இந்த மழையைத்தான்.

இதை அருகில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். எங்கள் முற்றத்து மேப்பிள் மரத்தில் என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு குச்சியை அன்று அவனுக்குக் காட்டினேன். சுற்றிலும் குமிழி இல்லாத கண்ணாடிக் குழல். உள்ளே போன வருட மொட்டின் மடிப்பு வரை தெரிந்தது. அடிப்பக்கம் சொட்டச் சொட்ட உறைந்த பற்கள் சீப்புபோல் தொங்கின. காற்றடித்தபோது மரம் முழுக்கக் கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம்.

அந்த அழகின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள மின்கம்பியைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் ஐஸ் படிந்தால், ஒரு மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் கூடுகிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே 100 மீட்டர் என்றால் 300 கிலோவுக்கு மேல். அதை ஒரு கம்பி சுமக்க வேண்டும். 2013 டிசம்பர் 21, 22-இல் டொரோண்டோவில் உறைமழை பெய்தபோது நாங்கள் இதே வீட்டில்தான் இருந்தோம். இரவெல்லாம் கிளைகள் முறிந்து விழும் சத்தம், துப்பாக்கி வெடிப்பதுபோல. நகரில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது; பல வீடுகளில் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள், கராஜுக்குள் வைத்து எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கும்போதே உயிரை எடுத்துவிடும். நம் ஆட்களில் புதிதாக வருபவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

அதைவிடப் பெரியது 1998 ஜனவரியில் வந்தது. மாண்ட்ரியல், ஒட்டாவா, கார்ன்வால் வட்டாரத்தில் ஜனவரி 5 முதல் 10 வரை விட்டுவிட்டு விழுந்துகொண்டே இருந்தது. உறைமழையும் ஐஸ் மணியுமாக மாண்ட்ரியலில் சுமார் 100 மில்லிமீட்டர், கார்ன்வாலில் 108. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயரழுத்த மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. 40 லட்சம் பேருக்கு மேல் மின்சாரம் இழந்தார்கள். மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. கனடாவில் 28 பேர் இறந்தார்கள். 15,000-க்கும் அதிகமான ராணுவத்தினர் உதவிக்கு இறங்கினார்கள்.

ஏன் அத்தனை நாள்? சாதாரணமாக உறைமழை சில மணி நேரத்தில் தானே முடிந்துவிடும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி சூட்டை வெளியே விடுகிறது. கோடிக்கணக்கான துளிகள் தரையில் உறைய உறைய, அந்தச் சூடு தரையை ஒட்டிய காற்றை மெல்லப் பூஜ்யத்துக்கு ஏற்றி, உறைமழையை வெறும் மழையாக்கிவிடும். உறைமழை தன் பாயைத் தானே சுருட்டிக்கொள்ளும் என்று சொல்லலாம். 1998-இல் அது நடக்கவில்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு நீளமான வாய்க்கால். வடகிழக்கிலிருந்து குளிர்காற்று அதன் வழியே வந்துகொண்டே இருந்தது. மேலே சூடான ஈரக்காற்றும் நிற்கவில்லை. வீட்டின் மூன்று மாடிகளும் அப்படியே நின்றன.

உறைமழைக்குத் தம்பி ஒருவன் உண்டு: உறைதூறல். இதில் பெரும்பாலும் உருகுவதே கிடையாது. ஐஸே உருவாகாத மேகத்தில் மீக்குளிர் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து தூறலாக இறங்குகின்றன. தரையில் பார்த்தால் ஈரம் மாதிரி. காலை வைத்தால் தெரியும். விமானிகளுக்கு இது பெரிய எதிரி. 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாவில் ரோஸ்லான் அருகே ஓர் ஏடிஆர்-72 விமானம் இப்படிப்பட்ட துளிகளுக்குள் தரையிறங்க வட்டமிட்டுக் காத்திருந்தபோது இறக்கையில் ஐஸ் படிந்து விழுந்தது. அதில் இருந்த 68 பேரும் இறந்தார்கள்.

மீக்குளிர் துளிகள் வெண்பனிப் படிகத்தின்மேல் அப்பி அப்பி உறைந்தால் கிராபெல். ஊறாத ஜவ்வரிசிபோல் வெள்ளை உருண்டை. விரலால் நசுக்கினால் பொடியும். ஆலங்கட்டி வேறு. பழந்தமிழில் ஆலி என்றார்கள். இடிமேகத்துக்குள் பலமாக மேலேறும் காற்று தாங்கித் தாங்கி வளர்ப்பது அது, நம் ஊரில் சித்திரை வைகாசிக் கோடைமழையோடு வரும். குளிர்காலத்தில் விழும் ஐஸையெல்லாம் ஆலங்கட்டி என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது பொருந்தாது.

ஊட்டிப் பனியையும் சொல்லிவிடுகிறேன், பையன் அதையும் கேட்டான். தலைக்குந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படத்தைப் போட்டு ‘ஊட்டியில் பனிப்பொழிவு’ என்று பகிர்கிறார்கள். அங்கே எதுவும் பொழிவதில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. பக்கத்துக் காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் ஐஸாகப் படிகிறது. கீழிருந்து முளைத்தது அது, உறைபனி. தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதும் அதுதான்.

இனி வானிலை அறிக்கை ஏன் அடிக்கடி தடுமாறுகிறது என்பது புரியும். சூடான காற்று நெருங்கி வரும் நாளில் ஒரே இடத்தில் முதலில் வெண்பனி, அப்புறம் ஐஸ் மணி, அப்புறம் உறைமழை, கடைசியில் வெறும் மழை என்று வரிசையாக வரலாம். நடுமாடியின் சூடு ஒரு டிகிரி மாறினால் கதையே மாறும். 2018 ஏப்ரல் நடுவில் டொரோண்டோவில் ஐஸ் மணியும் உறைமழையும் மாறி மாறி விழுந்தன. சிஎன் கோபுரத்திலிருந்து பெயர்ந்து விழுந்த ஐஸ், பக்கத்து ரோஜர்ஸ் சென்டரின் கூரையைத் துளைத்து, அன்றைய பேஸ்பால் ஆட்டம் தள்ளிப்போனது. தரையில் வைத்த தெர்மாமீட்டர் ஒரு மாடியின் கணக்கைத்தான் சொல்லும். மற்ற மாடிகளை அறிய பலூனில் கருவி கட்டிப் பறக்கவிடுகிறார்கள். உலகம் முழுக்க நாளுக்கு இரண்டு முறை.

அதற்குப் பிறகு பிப்ரவரியில் ஒரு மாலை, பையன் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றபடியே கூப்பிட்டான். கறுப்பு ஜாக்கெட்டின் கையை நீட்டினான். அதில் கடுகளவு நட்சத்திரம் ஒன்று, ஆறு கையும் கிளை விட்டு, இன்னும் உருகாமல். போனில் மைனஸ் நான்கு என்று காட்டியது.

“மேல மைனஸ் பதினஞ்சு இருக்கும்க்கா” என்றான்.